ஒற்றைக் கை மோட்டார் சைக்கிள்

என் தாய்மாமா வாங்கி வந்த மோட்டார் சைக்கிளுக்குப் பாதி உடம்புதான் இருந்தது. மற்ற வண்டிகளில் சக்கரத்தை இரண்டு பக்கமும் இரும்புக் கை பிடித்திருக்கும். இதில் முன்னும் பின்னும் ஒரு பக்கம் மட்டுமே பிடி. பின்சக்கரத்தைத் தாங்கியது புகைக்குழாயேதான். யுத்தம் முடிந்து இரும்புக்குத் தட்டுப்பாடு வந்த காலத்தில் ஜெர்மனியில் எவனோ ஒரு கெட்டிக்காரன் யோசித்துச் செய்ததாம். அந்த ஊர்ப் பேச்சில் அதன் பெயருக்குத் தேனீ என்று அர்த்தமாம்.

புதுச்சேரியில் ஒரு வெள்ளைக்காரர் வீட்டைக் காலி செய்தபோது, சாக்கு மூட்டையில் உதிரியாக வாங்கி வந்து மாமாவே பூட்டியது. மீதிப் பாகங்கள் சாக்கிலேயே தங்கிவிட்டதாகக் கடலூரில் எங்கள் தெரு முழுக்க நம்பியது. லேத் பட்டறைக்காரர் மனமிரங்கி, இல்லாத பக்கத்துக்கு இனாமாகவே ஒரு கம்பி வெல்டிங் அடித்துத் தருவதாகச் சொன்னார். மாமா ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

பேசாமலிருப்பது மாமாவுக்குக் கைவந்த கலை. பெண் பார்க்கப் போன நான்கு வீட்டிலும் காபியைக் குடித்துவிட்டுத் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். தாத்தாவோ பழியைத் தூக்கி வண்டிமேல் போட்டார். ஐந்தாவது இடம் சிதம்பரம். அதுவும் தட்டிப்போனால் வண்டியை விற்றுவிடுவது என்று தீர்ப்பாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் அதில்தான் சில்வர் பீச் போவோம். ஒன்பது வயதில் எனக்கு வேறு சொத்து கிடையாது.

பெரியவர்கள் பஸ்ஸில் போனார்கள். நானும் மாமாவும் வண்டியில் போனோம். வெள்ளாற்றுப் பாலம் தாண்டிக் கோபுரம் தெரிந்ததும், வண்டியைக் காப்பாற்றச் சொல்லி நடராஜரிடம் வேண்டிக்கொண்டேன். ஒற்றைக் காலில் நிற்கிற சாமிக்கு ஒற்றைக் கை வண்டியின் கஷ்டம் தெரியாமலா போகும்? மாமாவின் கல்யாணத்தைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் வேண்டவில்லை.

பெண்ணின் அப்பா வண்டியைச் சுற்றிவந்து பார்த்தார்.

"இன்னொரு பக்கம் வழியில எங்கனா கழண்டு விழுந்துடுச்சுங்களா?"

மாமா தரையைப் பார்த்தார்.

கேசரி தின்ற கையைக் கழுவ நான் தோட்டத்துப் பக்கம் போனேன். பெண் அங்கே நின்றிருந்தார். என் கையில் ஒரு முறுக்கைக் கொடுத்து, "உங்க மாமா எப்பவும் இப்டித்தானா? பேசவே மாட்டாரா?" என்று கேட்டார்.

"வண்டியப் பத்திக் கேளுங்க, நிறுத்தவே மாட்டாரு" என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே வாசல் பக்கம் போனார். நான் முறுக்கில் மும்முரமாக இருந்தேன்.

உள்ளே பெண்ணின் அப்பா, "கலந்து பேசிட்டு லெட்டர் போடுறோங்க" என்றார். அப்படி ஒரு லெட்டர் எந்த ஊரிலும் வந்ததில்லை. தாத்தா முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு மற்றவர்களோடு பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பினார். நாங்கள் வண்டியிடம் வந்தால், பின்சக்கரத்தில் பொட்டுக் காற்றுகூட இல்லை.

மாமா நாலைந்து நட்டுகளைக் கழற்றினார். சங்கிலியைத் தொடாமலே சக்கரம் பக்கவாட்டில் அவர் கையோடு வந்துவிட்டது. வழியனுப்ப வந்து நின்ற பெண்ணின் அப்பாவுக்கு வாய் பிளந்தது. வாசலுக்கு வந்த பெண், "ஒரு பக்கம் மட்டும் புடிச்சா எப்டிங்க தாங்குது?" என்று கேட்டார். அவ்வளவுதான். மாமா தலைநிமிர்ந்து பேச ஆரம்பித்தார். டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கிப் பார்த்தபோதும் பேசினார், பக்கத்து வீட்டுப் பம்ப்பில் காற்றடித்தபோதும் பேசினார். இரண்டாவது காபி வந்தது. "லெட்டரெல்லாம் எதுக்கு? நாளைக்கே உங்க அப்பாவ வந்து பாக்குறேன்" என்றார் பெண்ணின் அப்பா. நடராஜர் கேட்டுவிட்டார் என்று நான் துள்ளினேன்.

"பஞ்சரே இல்லையே, காத்து எப்டி எறங்குச்சு?" என்று மாமா மட்டும் கடைசிவரை தலையைச் சொறிந்தார். வால்வு மூடியையும் காணவில்லை. மூவரும் குனிந்து தெருப் புழுதியில் தேடினோம். நாளைக்கு அத்தையாகப் போகிறவர் இடது கையால் மட்டும்தான் தேடினார். வலது கையை இறுக்கி மூடி முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தார். பாவம், கையில் அடிபட்டிருக்கிறது போல, அதோடும் நமக்காகத் தேடுகிறாரே என்று எனக்கு அவரை ரொம்பவும் பிடித்துப்போனது.