முதுகில் எழுதிய பெயர்

பேஸ்பால் ஆடினால் சம்பளம் தருகிறார்கள் என்றபோது பொன்முடித் தோட்டத்து லயத்தில் யாரும் நம்பவில்லை. கொழுந்து கிள்ளினால் கூலி கிடைக்கும்; பந்தை அடித்தால் யார் தருவார்? திருவனந்தபுரத்தில் ஒரு குடைக் கம்பெனி முதலாளி தந்தார். தன் குடையின் பெயரையே சூட்டி ஒரு பெண்கள் அணி வைத்திருந்தார்; அதில் நானும் ஆடினேன். இரண்டாயிரத்தின் தொடக்க வருஷங்களில் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது அந்தச் சம்பளத்தில்தான்.

பிறகு அவர் குடையை விட்டுவிட்டுப் பட்டுப்புடவைக் கடை திறந்தார். அணிக்கும் புதுப்பெயர் வேண்டுமாம். ‘பட்டுக்கிளிகள்’ என்று அவரே ஒன்றைக் கொண்டுவந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செம்மண்ணில் சறுக்கி விழுந்து முழங்கால் தோல் உரிந்த கிளியை யாராவது பார்த்ததுண்டா?

“பேரை நாங்க வைக்கோம் முதலாளி” என்றேன்.

“சண்டை வேண்டாம் மோளே. சிட்டிக்குப் போடுத மாதிரி நறுக்குப் போடுவோம். ஆளுக்கொரு பேரு எழுதிப் போடுங்க. நானும் போடுதேன்” என்றார். எங்கள் ஊர்ப் பக்கம் சிட்டி என்கிற சீட்டுப் பணம் யாருக்கு என்பதே நறுக்கு என்கிற துண்டுக் காகிதத்தைக் குலுக்கி எடுத்துத்தான் முடிவாகும். விழுந்ததை யாரும் மறுத்துப் பேசுவதில்லை. பெண்கள் ஆளுக்கொன்று எழுதி அடித்துக்கொள்வோம் என்று நினைத்திருப்பார்.

முதல் துண்டைப் பிரித்தார். ‘லாஸ்ட் பஸ்.’ முகம் சுளித்து இன்னொன்றை எடுத்தார். அதிலும் அதேதான். மூன்றாவதிலும் அதேதான். நாங்கள் முன்பே பேசிவைத்து எழுதியது. பயிற்சி முடிந்ததும் பந்து வீசுகிறவள் விழிஞ்ஞத்துக்கும் நான் பொன்முடிக்கும் மற்றவர்கள் ஆளுக்கொரு திசைக்கும் கடைசி பஸ்ஸைப் பிடிக்கத்தான் தினமும் ஓடினோம். அந்த பஸ்ஸில் ஒரு பெண் தனியாக ஏறினால் எத்தனை தலைகள் திரும்பும், என்னென்ன முணுமுணுப்பு வரும் என்பது எங்களுக்கு மனப்பாடம்.

“பொம்பளப் பிள்ளைங்க லாஸ்ட் பஸ்ல போறது வெளிய சொல்லுத காரியமா? நாளைக்குக் கல்யாண ஆலோசனை வரும்போ யாரு கட்டுவான்?” என்று கத்தினார். நறுக்கில் விழுந்ததை மாற்றக்கூடாது என்று நானும் கத்தினேன். அம்மாவைக் கூட்டிவரச் சொன்னார்.

அம்மா ஒருநாள் கூலியை விட்டுவிட்டு மலையிறங்கி வந்தாள். சம்பளம் போய்விடுமோ என்று வழியெல்லாம் பயந்தது நான்தான்.

“உங்க மக ராத்திரி பஸ்ல வாறத ஊருக்கே விளம்பரம் செய்யப் பாக்கா. உங்களுக்கு நாணக்கேடு இல்லியா?” என்று அவர் கேட்டார்.

“என்ன நாணக்கேடு? ஒளிஞ்சா வாறா? டிக்கெட் எடுத்துல்லா வாறா” என்றாள் அம்மா.

அடுத்த மாதம் சம்பளம் நின்றது. சட்டைகளையும் திருப்பி வாங்கிக்கொண்டார். நாங்கள் பழைய வெள்ளைச் சட்டைகளின் முதுகில் கறுப்புப் பெயிண்டால் ‘லாஸ்ட் பஸ்’ என்று எழுதிக்கொண்டு அடுத்த ஆட்டத்தில் இறங்கினோம். தோற்றோம், அதுவும் படுதோல்வி.

ஆட்டம் முடிந்து அதே சட்டையோடு கடைசி பஸ்ஸில் ஏறினேன். வழக்கம்போலத் தலைகள் திரும்பின. சீட் காலியாக இருந்தும் நான் உட்காரவில்லை. எல்லோரும் நன்றாகப் படிக்கட்டும் என்று, முதுகைக் காட்டிக்கொண்டு பொன்முடி வரைக்கும் நின்றேன்.