கும்பிட்டால் அணையும் குரூஸ்

யாங்கோனில் நான் கார் எலக்ட்ரீஷியன். என்னிடம் வண்டி விடும் ஒரு டிரைவர் எப்போதும் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வெறுங்காலோடுதான் வண்டி ஓட்டுவார். அவருடைய பழைய காரில், வேகத்தைத் தானே பிடித்துக்கொள்ளும் குரூஸ் கன்ட்ரோல் திடீர் திடீரென்று அணைந்துபோனது. வயரெல்லாம் பார்த்தும் கோளாறு பிடிபடவில்லை. கடைசியில் அவரோடு அதே காரில் பக்கத்து ஊரான கியாக்தான் வரை போனேன்.

சாலையோரம் புத்தர் கோயில் தெரிந்ததும் தலை குனிந்து ஒற்றைக் கையால் கும்பிட்டார். குனிந்த வேகத்தில் கால் பிரேக்கில் பட்டது. குரூஸ் அணைந்தது.

“கோளாறு உங்க கால்லதான் அண்ணே,” என்றேன்.

“அப்படியா சயா?” என்றார்; பர்மாவில் தொழில் தெரிந்தவரை ‘ஆசானே’ என்று அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

அடுத்த கோயிலில் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டு கும்பிட்டார். வேகம் குறையவில்லை. அவர் முகம் வாடிவிட்டது.

“ஓட்டத்துலயே கும்பிட்டா மரியாதையா இல்ல சயா. பழையபடியே இருக்கட்டும்.”

அந்தக் காரை நான் சரிசெய்தேனா இல்லையா என்று இன்னும் எனக்கே தெரியவில்லை.