கதீஜாவா, பாத்திமாவா... இரண்டு பேருக்கும் "ஓம்" சொன்ன கதை

சாம்பிராணிப் புகையும் அடுப்பில் கொதிக்கிற ஆட்டிறைச்சி ஆணமும் கலந்த ஒரு வாசம்... என் மூத்த மகளுக்கு ஏழாம் நாள் முடியிறக்கிய காலையை நினைத்தால், முதலில் மூக்குக்குத்தான் ஞாபகம் வருகிறது.

எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்ல இளைய மகள் எழுதுகிறாள். ஆனால் ஞாபகம் ஒன்றும் தவறாது.

எங்கள் பக்கத்து வழக்கப்படி நான் கல்முனையில் பெண் வீட்டோடு இருந்த மாப்பிள்ளை. மனைவி உண்டான மூன்றாம் மாதம் உம்மாவைப் பார்க்கப் பாலமுனைக்குப் போனேன்.

"பொம்புளப் புள்ளயெண்டா என்ட பேர வைப்பியா மகன்?" என்றா உம்மா.

உம்மாவின் பெயர் கதீஜா. "ஓம் உம்மா" என்றேன்.

ஏழாம் மாதம் மாமி, என் மனைவியின் உம்மா, இடியப்பம் வைத்துக்கொண்டே அதையே கேட்டா. அவவின் பெயர் பாத்திமா. வாயில் இடியப்பம்... அதற்கும் "ஓம் மாமி".

ஆண் பிள்ளை பிறந்திருந்தால் தப்பியிருப்பேன்.

ஏழாம் நாள் உம்மா முதல் பஸ்ஸிலேயே வந்து இறங்கினா. முடி இறக்கியாயிற்று. பள்ளிவாசலில் ஓதிக்கொடுக்கும் லெவ்வை பிள்ளையை மடியில் வாங்கிக்கொண்டு கேட்டார்:

"தம்பி, என்ன பேர்?"

திரைக்குப் பின்னால் இருந்து ஒரு இருமல். அது உம்மா. உடனே இன்னொரு இருமல். அது மாமி.

"நல்ல பேராப் பாத்து நீங்களே செல்லுங்க லெவ்வை" என்றேன்.

மனுசன் ஊர் முழுக்கப் பெயர் வைத்தவர். விளங்கிவிட்டது.

"ரெண்டு பேர் இரிக்கி போல. கருத்தச் செல்றன், மறுகா முடிவெடுங்க. கதீஜா எண்டா மாசம் நிறையிறதுக்கு முந்திப் பொறந்தவ. அந்த நாயகி மக்காவில பெரிய வியாபாரி. சொத்து, ஒட்டகம், எல்லாம் அவங்கட. நபிகள் நாயகத்துட நேர்மையக் கண்டு, அவங்களே ஆளனுப்பி மாப்புள கேட்டாங்க. பாத்திமா எண்டா பால்குடி மறந்தவ. கதீஜா நாயகிட மகள்."

உம்மா விடுவாவா?

"கேட்டீங்களா சம்மந்தி! கதீஜா உம்மாவாம், பாத்திமா மகளாம். இனி எனக்கு மரியாத தந்து கதைக்கணும்!"

பெண்கள் எல்லாம் கொல்லென்று சிரித்தார்கள். சாயங்காலம் உம்மா பஸ் ஏறிவிடுவா... நான் மாமியின் கூரைக்குக் கீழேதானே படுக்க வேண்டும்?

மாமி திரையைக் கொஞ்சம் விலக்கினா. பிறகு:

"லெவ்வை, சொந்த வளவு, சொந்த வீடு, ஆளனுப்பி மாப்புள கேட்டவ... அது என்னப் போலல்லோ இரிக்கி? இந்தக் கல்வீட்டக் கட்டினது நான். இந்த மாப்புளைக்கு மூணு தரம் ஆளனுப்பினதும் நான். கதீஜா எண்டே ஓதுங்க!"

லெவ்வை பிள்ளையின் காதில் ஓதிவிட்டார். நான் தப்பினேன் என்று நினைத்தேன்.

சோறு வைக்கும்போது உம்மா தட்டைத் தள்ளிவிட்டா.

"என்ட பேர வைக்கல்ல மகன். அவட பெருமைய வெச்சிட்டா. இனி அவட பேரச் சொல்லித்தான் நான் கூப்பிடுவன்."

அன்றிலிருந்து மௌத்தாகிக் கண் மூடும்வரை உம்மா பிள்ளையைப் "பாத்திமா" என்றுதான் கூப்பிட்டா. மாமி "கதீஜா" என்றா. முகம் பார்த்துக் கதைக்காத சம்பந்திகள் இரண்டு பேரும், ஒருவர் பெயரை மற்றவர் நாளுக்குப் பத்துத் தரம் சொன்னார்கள்... அதுவும் கொஞ்சிக் கொஞ்சி.

போன மாதம் அந்தக் கதீஜாவின் மகளுக்கு ஒரு பெண் பிள்ளை. பிள்ளையைப் பெற்றவளே பெயரைப் போனில் தேடி எடுத்துவிட்டாள். பிறக்க முந்தியே வாட்ஸ்அப் குரூப்பில் போட்டாயிற்று. சொர்க்கத்துப் பூவின் வாசம் என்று கருத்தாம். என் வாயில் இன்னும் நுழையவில்லை. ஒரு இருமல் இல்லை, தட்டைத் தள்ளிய ஆள் இல்லை. பிரியாணி தின்றோம், வந்தோம்.

வந்த பிறகுதான் ஒன்று உறைத்தது. மனைவியிடம் கேட்டேன்.

"புள்ள, அண்டைக்கி உனக்கு என்ன பேர் வைக்க ஆசையா இருந்த?"

"இஞ்சருங்க... அம்பது வருசம் கழிச்சா கேக்கிறீங்க? நான் அறைக்குள்ளதான் கிடந்தன். ஒருத்தரும் எட்டிப் பாத்துக் கேக்கல்ல."

"இப்ப செல்லன்."

"கேட்டு என்ன, மகளுக்கு மாத்தி வைக்கப் போறீங்களா?"

மூன்று நாளாகக் கெஞ்சுகிறேன். பிளேன்டீ வருகிறது, சோறு வருகிறது... பெயர் மட்டும் வரவில்லை.