ஐந்தருவியில் கையெழுத்தாகாத ஒரு வரி

சென்ற ஜூலையில், சாரல் நன்றாக இருக்கிறது என்று கல்லூரித் தோழன் செல்லத்துரை கூப்பிட்டதால் குற்றாலம் போனேன். பாவூர்சத்திரம் சந்தையில் காய்கறி வாங்கி, தூத்துக்குடி வழியாக மாலத்தீவுக்கு அனுப்புகிறவன் அவன். அங்கே வாங்குபவர் அந்த ஊர்க்காரரான இப்ராகிம். திருவனந்தபுரத்தில் படித்ததால் மலையாளம் கலந்த தமிழ் பேசுவார். வருடா வருடம் இருவரும் அருவியில் குளித்துவிட்டுத்தான் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவார்கள். அதை வேடிக்கை பார்க்கத்தான் நானும் ஒட்டிக்கொண்டேன்.

தென்காசி ரயில் நிலையத்திலிருந்து ஐந்தருவி சுமார் பத்து கிலோமீட்டர். ஆட்டோக்காரர் முந்நூறு கேட்டு இருநூற்றைம்பதுக்கு வந்தார். காலை ஆறரைக்கே கூட்டம். தண்ணீருக்குள் தலையைக் கொடுத்த இப்ராகிமை வெளியே இழுத்து வருவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

லாட்ஜில் இட்லி சாப்பிட்டதும் ஒப்பந்தத்தை எடுத்தார்கள். ஒரே வரி புதிது: தகராறு வந்தால் வழக்கு தூத்துக்குடியில்தான். இதுவரை மாலத்தீவுத் தலைநகர் மாலேயின் நீதிமன்றம் என்று இருந்தது. அவர்கள் நாட்டில் சீர்திருத்தம் என்று சொல்லி உச்ச நீதிமன்ற நீதிபதிகளின் எண்ணிக்கையைக் குறைத்த செய்தியை நான் போனில் தள்ளிவிட்டுப் போயிருந்தேன். அது குற்றாலம் வரைக்கும் வரும் என்று யார் கண்டது?

"சரக்கு இன்சூரன்ஸ்காரன் விட மாட்டேங்கான் பாய். அங்கன ஜட்ஜையே தூக்கிருதாங்க, பொறவு வழக்க எவன் தைரியமா விசாரிப்பாம்னு கேக்கான். இந்த வரி இல்லன்னா சரக்கு ஏத்த முடியாது" என்றான் செல்லத்துரை.

இப்ராகிம் பேனாவை மூடி வைத்தார். "சேட்டா, அந்தச் சட்டம் வேண்டாம்னு ரோட்டுல நின்னவன் ஞான். எங்க ஜனநாயகம் போச்சுன்னு ஞான் சொல்லலாம். எங்க கோர்ட்ட நம்ப முடியாதுன்னு ஞானே கையெழுத்துப் போட்டுத் தரணுமா?"

இருவர் பக்கமும் நியாயம் இருந்ததுதான் கொடுமை. மதியம் இப்ராகிம் கையெழுத்துப் போடாமலே செல்லத்துரையைக் கட்டிப்பிடித்து விடைபெற்று, திருவனந்தபுரத்துக்குக் கார் ஏறிவிட்டார்.

நீதிமன்றத்தின் மேல் நம்பிக்கை போனால் வியாபாரமும் போகும் என்று பேப்பரில் எழுதுவார்கள். சரிதான். ஆனால் அந்தச் சட்டத்தை எதிர்த்து நின்ற மனிதருக்கே முதல் அடி விழுந்ததை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

ஐந்தருவிக்குப் போகிறவர்கள் வார நாளில், ஏழு மணிக்கு முன் குளித்துவிடுங்கள். திருவனந்தபுரத்துக்குக் காரில் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். கூட வருகிறவர் நண்பர் என்றால், தொழில் பேச்சை ஊரிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

அன்று மாலை பாவூர்சத்திரம் சந்தைக்குப் போனோம். மாலேக்கு என்று வாங்கியிருந்த முருங்கைக்காயைக் கேரளா லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். செல்லத்துரை போனை எடுத்தான்.

"ஏலே, பாய்க்கு ஒரு போன் போடட்டுமா?"

"போட்டு என்னலே சொல்லுவ?" என்றேன்.

செல்லத்துரை போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, லாரிக்காரரைப் புறப்படச் சொன்னான்.