மணல் பையோடு ஓடிச் சாமி தூக்கப் போனது

இதை எழுத வேண்டுமென்று நினைத்து நினைத்துப் பல வருடங்கள் தள்ளிப்போட்டேன். எழுத உட்கார்ந்தால் சுவரிலுள்ள முருகன் படத்தில் கண் போகும். கூசும். எழுந்துவிடுவேன். நான் அதிகம் படித்தவனில்லை. வார்த்தை முன்பின் இருந்தாலும் நடந்தது நடந்தபடி எழுதுகிறேன்.

அறுபதுகளின் கடைசி. என் மனைவிக்கு இரண்டாவது பிரசவத்தில் ஜன்னி கண்டு, இன்றைக்கோ நாளைக்கோ என்று கிடந்தாள். அப்போது எங்கள் தெருக்கோயில் முருகனிடம், "இவள் எழுந்து நடந்தால் பங்குனி உத்திரத்துக்கு உன்னை என் தோளில் சுமக்கிறேன்" என்று வேண்டிக்கொண்டேன். எழுந்து நடந்தாள்.

எங்கள் தெருவில் சாமி தூக்குவது லேசான காரியமில்லை. வீதி சுற்றி வந்து கடைசி முனை திரும்பியதும், கோயில் வாசல் வரை சாமியோடு ஓட வேண்டும். அதுதான் வழக்கம். நானோ குழித்தறியில் காலைத் தொங்கவிட்டு நாள் முழுக்க உட்கார்ந்து பட்டு நெய்கிறவன். பஸ்ஸைப் பிடிக்க ஓடினாலே மார் அடைக்கும்.

எதிர்வீட்டுக்காரர் பட்டாளத்திலிருந்து திரும்பியவர், என்னைவிட இளையவர். அவரிடம் யோசனை கேட்டேன். முதுகில் மாட்டுகிற தன் பழைய பையைக் கொடுத்தார்.

"எங்களை மூட்டையோடதாண்ணா ஓட வுடுவாங்க. காலும் மூச்சும் கெட்டிப்படும். ஆனா மொதல்ல கொஞ்சமா மணல் போட்டுக்கினு நட. ஓடாத. முட்டி போச்சுன்னா தறி மிதிக்கக் கால் இருக்காது."

கொஞ்ச நாள் அவர் சொன்னபடியே வேகவதி ஆற்றங்கரையில் நடந்தேன். பலன் தெரிந்தது. பொய் சொல்லக்கூடாது, நல்ல பலன். தறிக்குழியில் மரத்துப்போகும் கால் மரக்கவில்லை. படுத்ததும் தூக்கம் வந்தது. மாடிப்படி ஏறினால் இளைப்பதும் நின்றது. அந்தச் சந்தோஷத்தில் பையில் மணலை ஏற்றிக்கொண்டே போனேன். ஓடவும் ஆரம்பித்தேன்.

டீக்கடையில் இருந்தவர்கள் சும்மா விடவில்லை.

"இன்னாபா, மூட்டையத் தூக்கிக்கினு ஓடுறியே, முதலாளியோட பட்டுப்பொடவையா?"

"அவுரு சீனாக்காரனப் புடிக்கப் போறாருப்பா, வழிய வுடு!"

மனைவி மட்டும் சிரிக்கவில்லை. "வேண்டிக்கினது தூக்குறேன்னுதானே? ஒடம்பை ஒடைச்சிக்கிறேன்னு வேண்டிக்கினியா?" என்றாள்.

உத்திரம் நெருங்கிய சமயத்தில் ஒருநாள் ஓடும்போது வலது முட்டியில் சுரீரென்றது. வீட்டுக்கு வருவதற்குள் வீங்கிவிட்டது. பட்டாளத்துக்காரரிடம் காட்டவில்லை. மனைவியிடமும் சொல்லவில்லை. தெருவே பார்க்க ஓடிவிட்டு, இப்போது முடியவில்லை என்று எந்த முகத்தோடு சொல்வது? அறுந்த இழையை முடிந்துவிட்டு மேலே நெய்கிறவன் நான். அதே புத்திதான் வந்தது. தறியில் கட்டும் நூல் கயிற்றை எடுத்து முட்டியைச் சுற்றி இறுக்கிக் கட்டினேன். மேலே வேட்டி. வலி அடங்கியது. முருகன் வழிகாட்டினான் என்றே நினைத்துக்கொண்டேன்.

உத்திரத்தன்று அந்தக் கட்டோடுதான் போனேன். சாமியைச் சுமக்கும் தண்டில் எனக்கு முன்வரிசையில் இடம். எனக்கு நேர் பின்னால் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிற, தெருவே அண்ணன் என்று கூப்பிடுகிற பெரியவர். ஊர்வலத்தில் வீட்டுக்கு வீடு பெண்கள் குடத்தில் மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்து, சாமி தூக்குபவர்களின் காலில் ஊற்றிக் கும்பிடுவார்கள். வெயில் காலமாதலால் முட்டிக்கு மேலேயே ஊற்றினார்கள். நூல் கயிறு நனைந்தால் இறுகும். தறிக்காரன் வீட்டுக் குழந்தைக்கும் அது தெரியும். எனக்கு அன்றைக்கு நினைவில்லை.

வீதி பாதி சுற்றுவதற்குள் பாதம் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. பின்னாலிருந்த அண்ணன் பார்த்துவிட்டார்.

"காலு இழுக்குதேபா. ஆள் மாத்திக்கிறியா? மாத்து ஆளுங்க பக்கத்துலயே வந்துக்கினு இருக்கிறாங்க."

"ஒண்ணுமில்லண்ணா. தண்ணி வழுக்குது."

முருகன் என் தோள்மேல் இருக்கும்போது வாய் கூசாமல் இதைச் சொன்னேன். இத்தனை வருடமாக என்னை அறுப்பது விழுந்தது இல்லை, இந்தப் பேச்சுதான்.

முனை திரும்பியது. "அரோகரா!" என்று ஓடினார்கள். நாலு எட்டு வைத்திருப்பேன், அந்தக் கால் மடங்கியது. தண்டு முன்பக்கம் சாய்ந்தது. பின்னாலிருந்த அண்ணன் ஒரே பாய்ச்சலாக முன்னால் வந்து, கழுத்தோரம் தண்டை வாங்கிக்கொண்டார். அவர் தோள் எலும்பு முறிந்த சத்தம் என் காதில் விழுந்தது. அப்படியும் அவர் விடவில்லை. மாற்று ஆட்கள் வந்து பிடிக்கும்வரை நின்றார். சாமி தரையைத் தொடவில்லை.

வீட்டில் மனைவி வேட்டியை விலக்கிக் கயிற்றைப் பார்த்தாள். அரிவாள்மனை கொண்டுவந்து அறுத்தாள்.

மறுநாள் கெந்திக்கொண்டே அண்ணன் வீட்டுக்குப் போய், எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். கையைக் கழுத்தில் கட்டிய துணித் தூளியில் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொன்னா முருகன் உன்னை வாணான்னா சொல்லப்போறாரு? தொட்டுக் கும்பிட்டாலும் வேண்டுதல் வேண்டுதல்தான்பா" என்றார். அப்புறம், "போ, மோர் குடிச்சிட்டுப் போ" என்றார்.

சாயத் தொட்டியில் பட்டு நூலை முறுக்கிப் பிழிய அந்தத் தோளுக்கு அப்புறம் பலம் வரவில்லை. அவர் சம்சாரம்தான் பிழிந்தார்கள்.

தெருவில் கதை வேறு மாதிரி பரவியது. கால் மடங்கியும் தண்டை விடாமல் மண்டியிட்டுச் சாமியைத் தாங்கினவன் நான் என்று. ஒரு பெண் தன் குழந்தைக்கு என் கையால் விபூதி வைக்கச் சொன்னாள். வைத்தேன். மறுத்துப் பேச வாய் வரவில்லை. இப்போது அண்ணன் இல்லை. கதை மட்டும் பேரப்பிள்ளைகள் வரைக்கும் வந்துவிட்டது, அவர் இல்லாமலே.

சுமையோடு ஓட நினைக்கிற பிள்ளைகள் ஓடட்டும். உடம்புக்கு நல்லதுதான். வலித்தால் நிறுத்தி, வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். இதைப் படிக்கிறவர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். யாருக்காவது சொன்னால் இப்படியே சொல்லுங்கள். என்மேல் இரக்கப்பட்டு எதையும் குறைக்க வேண்டாம். சாமியைத் தாங்கியவர் சாயக்கார அண்ணன்.