கயிறு கட்டிய வாசல்

எங்கள் சந்தை ஊரில், தெருவிலிருந்து வீட்டுக்கு வண்டி ஏறும் பாதை உடைந்தாலும் பள்ளம் விழுந்தாலும் கூப்பிடுவது ஒரே ஆளைத்தான்: கயிற்றுக்காரர். கான்கிரீட் போட்டு, கரணையால் தேய்த்து முடித்ததும் குறுக்கே கயிறு கட்டிச் சிவப்புத் துணியைத் தொங்கவிடுவார். காய்வதற்குள் கால் வைத்தவர்கள் அவர் வசவில் தொலைந்தார்கள். அந்த வாய்க்குப் பயந்து சந்தை மாடு ஒன்று தூக்கிய காலை இறக்காமல், தளம் இறுகும்வரை மூன்று காலில் நின்றது. நம்பாதவர்கள் மாட்டைக் கேட்டுக்கொள்ளலாம்.

ஊரார் வாசலெல்லாம் கண்ணாடி. அவர் வாசல் மட்டும் குண்டும் குழியும். மனைவிக்கு மூச்சிரைப்பு. ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் ஆட்டோ பள்ளத்தில் குதிக்க, நெஞ்சைப் பிடித்துக்கொள்வாள். "ஊர்ல எல்லாரும் வழுக்கிக்கிட்டுப் போறாங்க, நான் மட்டும் உருண்டுக்கிட்டுப் போறேன்" என்று வருஷக்கணக்காகக் குத்திக்காட்டினாள். ஒருவழியாக ஒரு சந்தை நாள் விடியலில் தன் வாசலுக்கும் தளம் போட்டார். கயிறும் கட்டிவிட்டு வேறு வீட்டு வேலைக்குப் போனார்.

அன்றுதான் அவளுக்கு மூச்சு முட்டியது. போன் செய்ததும் வழக்கமான ஆட்டோக்காரன் பறந்து வந்தான். கயிற்றைக் கண்டதும் நின்றுவிட்டான். இருபுறமும் மதில், ஓரமாக வரவும் வழியில்லை. வாசல்நிலையில் சாய்ந்திருந்தவளும் பின்பக்கம் வரச்சொல்லிக் கையை ஆட்டினாள். பின்சந்துக்குச் சந்தையைச் சுற்றித்தான் போக வேண்டும். மூட்டை இறக்கும் லாரிகளுக்கு நடுவே ஆட்டோ மாட்டிக்கொண்டது. அவன் போய்ச் சேர்ந்தபோது அவள் உயிரோடு இல்லை.

"ஏன்டா, கயித்த அறுத்துட்டு ஏறி வந்திருக்கக் கூடாதா?" என்று கயிற்றுக்காரர் கேட்டார்.

"நீங்க கட்டின கயிறுண்ணே, யாரு தொடுவா? அக்காவும், 'இப்பதான் போட்டுட்டுப் போனாரு, ஏறிடாதே'ன்னு சொல்லிடுச்சு."

அந்த வாய் அன்றோடு அடங்கிப்போனது. இப்போதெல்லாம் யார் வீட்டுத் தளத்துக்கும் கயிறு கட்டுவதில்லை. கோழிக்கால், நாய்க்கால், பிள்ளைகளின் செருப்பு எல்லாம் பதிகின்றன. வீட்டுக்காரர்கள் முணுமுணுத்தால், குனிந்தபடி கரணையைக் கழுவுகிறார்.

அவர் வாசலைப் போல நேர்த்தியான தளம் ஊரில் இல்லை. ஒரு கீறல்கூட விழவில்லை. துணி வெளுத்துப்போயும் கயிறு அப்படியே இருக்கிறது. அவர் பின்சந்து வழியாகத்தான் வீட்டுக்குப் போய்வருகிறார்.