தாட்சாயணி இந்த வருஷம் வாங்கிய பை

நாராயணவனத்தில் நடந்த ஒரு கல்யாணத்தில்தான் தாட்சாயணி அப்படி ஒரு பையை முதன்முதலாகப் பார்த்தாள். மண்டபத்தில் நாற்காலிகள் போதவில்லை. பெண் வீட்டுக்காரர்களே சுவரோரம் நின்றிருந்தார்கள். பெங்களூரிலிருந்து வந்த ஓர் அம்மாள் மட்டும் தன் பக்கத்து நாற்காலியில் பழுப்பு நிறக் கைப்பை ஒன்றை உட்கார வைத்திருந்தாள். அதை எடுத்து மடியில் வைத்துக்கொள்ளும்படி யாரும் சொல்லவில்லை. சொல்லத்தான் வந்த ஒரு பெரியவரும் பையைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் போய்விட்டார்.

தாட்சாயணிக்குக் கோபம் வரவில்லை. தாலி கட்டி முடியும்வரை பையையே பார்த்துக்கொண்டு நின்றாள். மனிதர்கள் நிற்கும்போது ஒரு பொருள் உட்கார்ந்திருக்க வேண்டுமானால் அதில் ஏதாவது இருக்க வேண்டும். அல்லது ஒன்றுமே இல்லாமல், இருக்கிறது என்று எல்லோரும் சேர்ந்து நம்பிக்கொண்டிருக்க வேண்டும். இரண்டில் எது?

சித்தூரில் பால் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கும் மகள் பிரியங்காவுக்கு அன்று சாயங்காலமே போன் செய்தாள். பிரியங்கா தேடிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

“அம்மா, புதுசுன்னா நாலு தறி வெல. ஒர்த்தங்க வெச்சினு இருந்தது கெடச்சா ஒரு தறி வெலைக்கு வரும். அதுவும் பழைய தறி.”

“இன்னாத்துல செய்றாங்க?”

“தோலுதாம்மா.”

“தோலு மட்டுமா?”

பிரியங்காவுக்கு அதற்கு மேல் தெரியவில்லை.

தாட்சாயணி நகரியில் துணி பார்ப்பவள். விசைத்தறிக்காரர்கள் நெய்து முடித்த துணியை வீட்டு முன்னறையில், கீழிருந்து விளக்கெரியும் கண்ணாடி மேஜையில் ஓட்டி, குறுக்கிழையான ஊடை விட்டுப்போன இடம், நெடுக்கிழையான பாவு அறுந்த இடம், எண்ணெய்க் கறை எல்லாவற்றையும் சாக்குக் கட்டியால் குறித்துக் கொடுப்பது அவள் வேலை. இருபத்திரண்டு வருஷமாகப் பார்க்கிறாள். அவள் பார்த்து அனுப்பிய துணியை வியாபாரிகள் மறுபடி பிரித்துப் பார்ப்பதில்லை. அவள் புருஷன் மணிவேல் வீட்டுக்குப் பின்னால் எட்டுத் தறி ஓட்டுகிறான். மகளுக்கு வேலை கிடைத்த பிறகு தாட்சாயணியின் கூலி தாட்சாயணிக்கே.

புருஷன் பெண்டாட்டிக்குள் ஓர் ஏற்பாடு உண்டு. வருஷத்துக்கு ஒரு முறை ஆளுக்கு ஒரு பொருள் வாங்கிக்கொள்ளலாம். எதற்கு என்று மற்றவர் கேட்கக் கூடாது. ஆனால் ஏமாந்து வாங்கினால் அடுத்த வருஷத்து முறை போய்விடும். அந்த நிபந்தனையைப் போட்டவன் மணிவேல். அதில் மாட்டியவனும் அவனே. பங்காருபாளையத்தில் ஒரு மாங்காய் வியாபாரியிடம் ஜெர்மன் கடிகாரம் என்று ஒன்றை வாங்கி வந்தான். திறந்து பார்த்தால் உள்ளே இருந்தது எங்கேயோ பக்கத்து ஊர் இயந்திரம். அதனால் போன வருஷம் அவனுக்கு ஒன்றும் இல்லை.

தாட்சாயணி இதுவரை ஏமாந்ததில்லை. ஓய்வுபெற்ற ரயில்வே கார்டு ஒருவரிடம் வாங்கிய பைனாகுலர், ஜப்பான் கத்தரிக்கோல், உள்ளே விளக்கெரியும் பூமி உருண்டை. எல்லாம் பழையவை. வாங்கியதில் பாதியை அவள் பயன்படுத்துவதே இல்லை. எப்படிச் செய்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிட்டால் அவளுக்குப் போதும். இதை ஆசை என்று சொல்லலாமா என்பது சந்தேகம். ஆசைப்படுகிறவர்கள் பொருள் கைக்கு வந்ததும் கேள்வியை விட்டுவிடுவார்கள். இவள் கேள்வி தீர்ந்ததும் பொருளை விட்டுவிடுகிறாள்.

இந்த வருஷம் பை என்றாள். மணிவேல் எதற்கு என்று கேட்கவில்லை. “உள்ள இன்னாத்த வெப்ப?” என்று மட்டும் கேட்டான்.

“அது எதுக்குன்னு கேக்கறதுதான். ரூல்ல இல்ல.”

பிரியங்கா இரண்டு இடம் கண்டுபிடித்துச் சொன்னாள். ஒன்று திருப்பதி, ஒன்று சித்தூர். இரண்டு பேரிடமும் இருந்தது பாரிஸில் உள்ள ஒரே கம்பெனியின் ஒரே மாதிரிப் பை. அந்தக் கம்பெனியின் பெயர் கடைசிவரை தாட்சாயணியின் வாயில் நுழையவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் இருவரும் திருப்பதிக்குப் போனார்கள். கபில தீர்த்தம் சாலைக்குப் பின்னால் ஓர் அடுக்குமாடி வீட்டில், மாடியில் ரேஷ்மா இருந்தாள். முப்பது வயதிருக்கும். கடை கிடையாது. படுக்கையறை பீரோவில் ஏழெட்டுப் பைகளை வெள்ளைத் துணி உறைகளில் போட்டு வைத்திருந்தாள்.

“சென்னையில ஒரு டாக்டரம்மாதுக்கா. பத்து வருஷம் வெச்சினு இருந்தாங்க. தொந்தர லேது, நிதானமா பாருங்க.”

“இன்னா தோலு?” என்றாள் தாட்சாயணி.

“ஆட்டுத் தோலு.”

மணிவேல் தலையாட்டினான். “அப்ப பரவால்ல. ஆட்டத் துன்னுக்கினுதானே இருக்கோம்.”

“நீங்க கொஞ்சம் சும்மா இருங்க.”

கைப்பிடி கறுத்திருந்தது. அடிப்பக்க மூலைகள் தேய்ந்திருந்தன. அதெல்லாம் பழசு என்று சொல்லி விற்பதுதான். தாட்சாயணி இழை எண்ணும் சின்னக் கண்ணாடியை எடுத்து ஜன்னலோரம் உட்கார்ந்தாள். தையல் நேராக இல்லை. ஒவ்வொன்றும் லேசாகச் சாய்ந்திருந்தது. ஒரு விரல் அகலத்தில் ஏழு, இன்னோர் இடத்தில் ஏழரை. கைப்பிடி பையோடு சேரும் இடத்தில் ஒரு தையல் மற்றதைவிடப் பெரியதாக, தாண்டிப் போட்டதுபோல் இருந்தது.

“இன்னாம்மா இது, இவ்ளோ வெல சொல்லிக்கினு, தையலு கோணலா இருக்குது?”

ரேஷ்மா குனிந்து பார்த்தாள். “எனக்கு அந்த அளவுக்குத் தெரியாதுக்கா. நான் பில்லு பாத்து வாங்குறேன். நீங்க வாங்கினா பெங்களூர்ல செக் பண்றவரு ஒர்த்தரு இருக்காரு, போட்டோ அனுப்பினா சொல்வாரு. ஒரு வாரத்துக்குள்ள வேணான்னா பணம் திருப்பித் தந்துடறேன்.”

“சித்தூர்ல ஒண்ணு இருக்குது. அத்தயும் பாத்துட்டு வர்றேன்.”

“பாருங்கக்கா” என்றாள் ரேஷ்மா. பிகு பண்ணவும் இல்லை, கெஞ்சவும் இல்லை.

மத்தியானம் சித்தூர். பஸ் நிலையத்துக்கு எதிரில் புருஷோத்தமன் செல்போன் கடை வைத்திருந்தான். கண்ணாடி அலமாரியின் மேல் தட்டில், சார்ஜர்களுக்கு மேலே, அதே பை இருந்தது. தாட்சாயணி அதைக் கையில் வாங்கியதும் அவள் முகம் மாறியது. ஐந்து இடத்தில் கண்ணாடி வைத்து எண்ணினாள். ஐந்திலும் எட்டு. கோணல் இல்லை, ஏறுமாறு இல்லை. திருப்பினாலும் அதே எட்டு.

“பாத்தீங்களா?” என்றாள் புருஷனிடம். “இது வேல.”

“அப்ப இதுவா?”

“இதுதான்.”

மணிவேல் பணம் அனுப்பப் போனை எடுத்தான். புருஷோத்தமன் குஷியாகிவிட்டான்.

“அம்மா கண்ணு தப்புமா? இது மிஷின் வேல இல்லம்மா. அந்தக் கம்பெனியில ஒரு பைய ஒரே ஆளு கையாலயே தைப்பான், மொதல்லருந்து கடைசி வரைக்கும். இதோ பாருங்க, பையோட வந்த கார்டுலயே போட்டுருக்கான்.”

“ஒரே ஆளா?”

“ஒரே ஆளு.”

“எத்தன நாளு?”

“ரெண்டு மூணு நாளு ஆவும்னு சொல்றாங்க.”

தாட்சாயணிக்கு அந்த ஆளைப் பற்றி ஆவல் வந்தது. மூன்று நாள் ஒரே இடத்தில் உட்கார்ந்து தைக்கிறவன். அவன் கை எப்படி இருக்கும்? அவள் மறுபடி கண்ணாடியை வைத்துத் தையல் ஓட்டத்தின் கூடவே போனாள், ஒரு பக்கம் தொடங்கி மறுபக்கம் வரை. போகப் போக அவளுடைய புருவம் நெரிந்தது.

“இவன் சாப்பிட எழுந்த எடம் எங்க?” என்றாள்.

“யாரும்மா?” என்றான் புருஷோத்தமன்.

“தச்சவன்.”

நகரியில் கைத்தறிச் சேலையும் அவள் மேஜைக்கு வரும். நெய்தவர் சாப்பிட எழுந்து போய் வந்து உட்கார்ந்த இடத்தில் ஊடை கொஞ்சம் நெருங்கியோ விலகியோ விழும். குறுக்கே மெல்லிய கோடுபோல் தெரியும். அவள் அதைச் சாக்கால் குறிப்பதில்லை. கையால் நெய்ததில் அது குற்றம் இல்லை. அதே கோடு விசைத்தறித் துணியில் இருந்தால் குற்றம். இரண்டுக்கும் வேறு வேறு கணக்கு என்பது அவளுக்கு இருபத்திரண்டு வருஷமாகத் தெரியும். தெரிந்தும் காலையில் திருப்பதியில் ஒரு கைவேலையை விசைத்தறித் துணியைப்போலப் பார்த்துக் கழித்துவிட்டு வந்திருக்கிறாள். விலை அவளை அப்படிச் செய்ய வைத்தது. சில நூறு ரூபாய்ப் பொருளில் கை தெரிந்தால் பொறுத்துக்கொள்கிறவள், இவ்வளவு பெரிய விலையில் கை தெரியவே கூடாது என்று தன்னையறியாமல் முடிவு கட்டியிருந்தாள்.

“போன உள்ள வையுங்க” என்றாள் மணிவேலிடம்.

“இப்பதானே பாஸ் பண்ண?”

“மூணு நாளு தச்சவன் ஒரு வாட்டி கூட எழுந்துக்கல, கொட்டாவி வுடல, நூலு மாத்தல. இது கை இல்ல. மிஷினு.”

புருஷோத்தமனின் முகம் சிவந்தது. “நானும் நம்பித்தாம்மா வாங்கினேன்.”

அவன் பொய் சொன்னதாக அவளுக்குத் தோன்றவில்லை. “உங்கள சொல்லல. நல்லாத்தான் தச்சிருக்கான். கார்டு மட்டும் வேற எதுக்கோ எழுதினது” என்றாள்.

திருப்பதி பஸ்ஸில் மணிவேல் வழி முழுக்கச் சீண்டிக்கொண்டே வந்தான். “கோணலா இருக்குதுன்னு சொல்லி வேணாம்ன. நேரா இருக்குதுன்னு சொல்லி வேணான்ற. ஊரே உன்ன நம்பிக்கினு இருக்குது, தாட்சா. நான் ஒர்த்தன்தான் கூட வந்து பாக்கறேன்.” தாண்டிப் போட்ட அந்த ஒரு தையல் அவள் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. “காலையில பாத்த பையில ஒரு தையலு பெருசா இருந்துச்சே, அங்கதான் அவன் சாப்ட எழுந்து போயிருக்கான்” என்றாள். யாராவது கூப்பிட்டிருப்பார்கள்.

அன்றே ரேஷ்மாவிடம் பையை வாங்கினாள். போட்டோக்கள் பெங்களூருக்குப் போயின.

நான்காம் நாள் ரேஷ்மா போன் செய்தாள். தாட்சாயணி ஒலிபெருக்கியில் போட்டாள். மணிவேல் தறியை நிறுத்திவிட்டு வந்து நின்றான்.

“அக்கா, பை ஒரிஜினல்தான். அதுல டவுட்டு இல்லன்னுட்டாரு. ஆனா ஒண்ணு. கைப்பிடிகிட்ட பதினோரு தையலு கம்பெனி போட்டது இல்லியாம். எங்கயோ நூலு அந்துபோயி, வேற யாரோ தச்சிருக்காங்க. டாக்டரம்மா எனக்குச் சொல்லலக்கா, நெஜமா. உங்களுக்கு இஷ்டம் இல்லன்னா கொண்டாங்க, பணத்த அனுப்பிடறேன்.”

“எந்தப் பதினொண்ணு?”

“ஒண்ணு பெருசா இருக்குதே, அதச் சுத்தி.”

மணிவேல் மெதுவாகச் சிரித்தான். “எழுந்து சாப்டப் போனான்னு சொன்னியே, அந்த எடமா?”

தாட்சாயணி போனை வைத்தாள். பையை விளக்கெரியும் மேஜைக்குக் கொண்டுபோனாள். அன்று வந்த துணிகளை ஓரமாகத் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள். பதினொன்று என்று தெரிந்த பிறகும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கண்டுபிடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. இரண்டாவது ஆள் முதல் ஆள் போட்ட ஓட்டைகளிலேயே ஊசி விட்டிருந்தான். அதே சாய்வு. நூலின் முறுக்கு மட்டும் ஒரு மயிரிழை தளர்வு. ஓர் இடத்தில் இரண்டு ஓட்டைகள் கிழிந்து ஒன்றாகிவிட்டிருந்தன. வேறு வழியில்லாமல் அதைத் தாண்டித் தைத்திருக்கிறான். அதுதான் பெரிய தையல். அவன் பாரிஸைப் பார்த்திருக்க மாட்டான். சென்னையில் எங்கோ ஒரு கடை. அவனுக்கு எந்தக் கார்டும் இல்லை.

அவள் யாரையும் லேசில் மெச்சுகிறவள் இல்லை. “பரவால்ல” என்று சொல்லிக்கொண்டாள்.

மணிவேல் வாசற்படியில் சாய்ந்து நின்றான். “இன்னா பண்ணப் போற? திருப்பிக் குடுத்துடு. திருப்பிட்டா ஏமாந்த கணக்குல வராது. அடுத்த வருஷம் உன் மொற இருக்கும். வெச்சிக்கினா...”

“வெச்சிக்கினா?”

“அந்து தச்சத ஒரிஜினல் தையலுன்னு நெனச்சுத்தானே வாங்கின? ரூலு ரூலுதான்.”

“அவ ஏமாத்தலியே.”

“ஏமாத்தினாத்தான் ஏமாறணுமா?”

அதில் நியாயம் இருந்தது. கடிகாரத்தை விற்ற மாங்காய்க்காரனும் ஏமாற்றவில்லை என்றுதான் சத்தியம் செய்தான். தாட்சாயணி பையை மூடினாள். திருப்பினால் இந்த வருஷம் ஒன்றும் இல்லை, அடுத்த வருஷம் பாக்கி இருக்கும். வைத்துக்கொண்டால் அடுத்த வருஷம் இல்லை. ஆனால் அந்தப் பதினோரு தையலை இன்னும் அவள் முழுதாகப் பார்த்து முடிக்கவில்லை. உள்பக்கம் எப்படி முடிச்சுப் போட்டான் என்பது தெரிய வேண்டும்.

“பாக்காம வுடல” என்றாள். “பாத்தேன். தப்பா நெனச்சேன். ஏமாந்ததுதான். அடுத்த வருஷம் எனக்கு இல்ல. பை இருக்கட்டும்.”

மணிவேல் இதை எதிர்பார்க்கவில்லை. ஜெயித்தவன்போல ஒரு நிமிஷம் நின்றான். பிறகு உள்ளே வந்து மேஜையின் மறுபக்கம் உட்கார்ந்தான்.

“அப்ப அடுத்த வருஷம் நான் ஒர்த்தன்தான் வாங்கணுமா?”

“ஆமா.”

“எனக்கு ஒண்ணும் தோணலியே, தாட்சா. நீயே ஒண்ணு சொல்லேன்.”

“அதெல்லாம் முடியாது” என்று சொல்லிவிட்டு, அவள் பையை உள்பக்கமாகத் திருப்பி விளக்கில் பிடித்தாள்.